வீடு தோட்டத்தைத் தின்னக் கூடாது

“வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்” என்று பழமொழி சொன்ன பெரியவர்கள், வீடு கட்டி முடித்த பிறகு வரும் செலவைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். பால் காய்ச்சிக் குடி வந்த மறுநாளே அது ஆரம்பிக்கிறது. சமையலறைத் தண்ணி வாசலில் தேங்கி நிற்கும். மேற்குச் சுவர் சாயங்காலம் அடுப்பு மாதிரி கொதிக்கும். பக்கத்துக் காட்டு ஆடு நம் கத்தரிச் செடியில் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒருவர் வந்து பார்ப்பார், டேப் பிடிப்பார், ஒரு தொகை சொல்வார்.

நகரத்தில் சேர்த்த பணத்தோடு ஊர் திரும்புகிற பலரும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். சுற்றுச்சுவர், வாசலில் சிமெண்ட் கல், மின்மோட்டார் வைத்த தொட்டி என்று கையிருப்பு கரைந்துவிடும். நிலத்தில் விதை போடும்போது பணம் இருக்காது. கடன் வாங்கி வெள்ளாமை செய்து, இரண்டு போகம் பொய்த்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு மறுபடியும் நகரத்துக்குப் போய்விடுவார்கள். பூட்டிய புது வீடுகள் எங்கள் பக்கத்திலும் உண்டு.

எங்களுக்குக் காங்கயம் பக்கத்தில் மூன்று ஏக்கர். ஒரு ஏக்கர் கிணற்றுத் தோட்டம், இரண்டு ஏக்கர் கொரங்காடு. வீட்டில் அம்மா, மனைவி, பையன், நான் என நாலு பேர். திங்கள் முதல் வெள்ளி வரை எனக்குக் கோயம்புத்தூரில் வேலை. நிலம் எங்களைத் தாங்கும் நாளில் வேலையை விடுவதாகத் திட்டம். வீட்டைச் சுற்றிச் செலவாகும் ஒவ்வொரு ஆயிரம் ரூபாயும் அந்த நாளைத் தள்ளிப்போடும். அதனால் குடி வந்ததும் மூன்று விதிகள் வைத்துக்கொண்டோம். சனி, ஞாயிறில் நாங்களே செய்து முடிக்கக்கூடிய வேலையாக இருக்க வேண்டும். முடிந்தவரை பொருள் ஊருக்குள்ளேயே கிடைக்க வேண்டும். அந்த வேலை நிலத்துக்கு ஏதாவது திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இந்த இரண்டாவது விதி புதிதல்ல. ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருளைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்பது காந்தியின் எண்ணம். கேரளத்தில் குறைந்த செலவு வீடுகளைக் கட்டிய லாரி பேக்கர் அதைத் தன் வாழ்நாள் முழுக்கப் பின்பற்றினார். வீட்டுக்கு அது பொருந்தும் என்றால் வீட்டைச் சுற்றிச் செய்யும் வேலைக்கும் பொருந்தும்தானே?

அப்படி நாங்கள் செய்த நாலு வேலைகளை இங்கே சொல்கிறேன். உங்கள் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: வாழைக்குழி

“சோத்துத் தண்ணியும் குளிக்கிற தண்ணியும் போற எடத்துல ஒரு வாழை இல்லீன்னா அது என்ன கண்ணு ஊடு?” என்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் குடி வந்த அன்றே கேட்டார். அதையே முதல் வேலையாக எடுத்தோம்.

கணக்குப் பாருங்கள். மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறது. நாலு பேருக்கு 220 லிட்டர். குடிக்க, சமைக்க, கழிப்பறைக்குப் போக, குளிப்பதிலும் துவைப்பதிலும் பாத்திரம் கழுவுவதிலும் 150 லிட்டராவது வெளியே வரும். வருஷத்துக்கு 50,000 லிட்டருக்கு மேல். அதைச் சாக்கடையாக்கிக் கொசு வளர்ப்பதா, வாழைக்கு விடுவதா என்பதுதான் கேள்வி.

சனிக்கிழமை காலை முதலில் மண்ணைச் சோதியுங்கள். ஒரு அடி ஆழத்துக்குச் சின்னக் குழி எடுத்துத் தண்ணி நிரப்புங்கள். அது வற்றியதும் மறுபடி நிரப்பி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். செம்மண், சரளை மண் என்றால் சீக்கிரம் குடித்துவிடும். களிமண் என்றால் நேரமெடுக்கும். அங்கே ஒரு குழிக்குப் பதில் இரண்டு குழி எடுத்துத் தண்ணியை மாற்றி மாற்றி விட வேண்டும்.

இடம் முக்கியம். கிணறு, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளியிருக்க வேண்டும். வீட்டுக் கடைக்காலிலிருந்து 10 அடி தள்ளி, வாட்டம் இருக்கும் பக்கமாகப் பாருங்கள். ஆறடி அகலத்துக்கு வட்டம் போட்டு, நடுவில் மூன்றடி ஆழம் வரும்படி சட்டி மாதிரி வெட்டுங்கள். எடுத்த மண்ணைச் சுற்றிலும் வரப்பாகப் போடுங்கள். இரண்டு பேர் சேர்ந்தால் அரை நாள் வேலை. எங்கள் மண்ணில் கடப்பாரை கேட்டது. முந்தின நாள் ராத்திரியே தண்ணி விட்டு ஊறவைத்தால் மண்வெட்டியே போதும்.

குழிக்குள் அடியில் குச்சி, கட்டை, தென்னை மட்டை. அதற்கு மேல் தேங்காய் மட்டை, காய்ந்த சருகு. தரைக்கு மேலே ஒரு அடி குவிந்து நிற்கும்படி போடுங்கள், மட்க மட்கக் கீழே இறங்கிவிடும். வரப்பில் நாலைந்து வாழைக்கன்று, நடுநடுவே சேம்பு, கல்வாழை. வெளிப்பக்கம் ஒரு பப்பாளி. கீரை, வெங்காயம், முள்ளங்கி மாதிரி பச்சையாகச் சாப்பிடும் எதையும் இங்கே போட வேண்டாம்.

தண்ணி வரும் குழாயின் வாய் சருகுக்கு மேலே இருக்கட்டும். மண்ணுக்குள் புதைத்தால் அடைத்துக்கொள்ளும். சமையலறைத் தண்ணி குழிக்குப் போகும் வழியில் நாலு செங்கல் வைத்து ஒரு சின்னத் தொட்டி கட்டி, அதில் தேங்காய் நார் வைத்த கூடையைப் போட்டால் சோற்றுப் பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும் அங்கேயே நின்றுவிடும். வாரம் ஒருமுறை நாரை எடுத்து எருக்குழியில் போட்டுவிட்டுப் புது நார் வைக்கலாம். கழிப்பறைத் தண்ணியை இதில் சேர்க்கவே கூடாது. அதற்கு இரட்டைக் குழி முறைதான் சரி. வீடு கட்டும்போதே கேட்டு வாங்குங்கள்.

இந்தக் குழி இன்னொரு மாற்றத்தையும் கொண்டுவரும். வாழைக்கு என்ன போகிறது என்று யோசித்தால் சோப்புத் தூளைக் கையில் எடுக்க மனம் வராது. அதில் இருக்கும் சோடா உப்பு மண்ணை இறுக்கிவிடும். எங்கள் வீட்டில் பாத்திரத்துக்குச் சாம்பலும் சீயக்காய்த் தூளும், துணிக்குப் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணியும் வந்தன. வெள்ளைச் சட்டைக்கு மட்டும் இன்னும் சோப்புக் கட்டிதான்.

இரண்டாவது வேலை: கூரைத் தண்ணி

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணி. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் போதும். எங்கள் கூரை 60 சதுர மீட்டர், அதாவது சுமார் 650 சதுர அடி. வருஷத்துக்கு 600 மி.மீ. மழை பெய்தால் 36,000 லிட்டர். ஆவியாவது, தெறிப்பது போக 80 சதவீதம் பிடித்தாலும் 28,000 லிட்டருக்கு மேல் வரும். நாலு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லிட்டர் என்றால் வருஷத்துக்கு 7,300 லிட்டர் போதும். நம் தேவையைப் போல மூன்று மடங்குக்கு மேல் கூரையிலிருந்து வழிந்து ஓடுகிறது.

தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. சட்டத்துக்காகக் குழாய் வைத்ததோடு பலரும் நிறுத்திக்கொண்டார்கள். நாம் தண்ணிக்காகச் செய்வோம்.

பெரிய தொட்டி கட்டப் பணம் சேரும்வரை 200 லிட்டர் பீப்பாய்கள் போதும். நாலு பீப்பாய் என்றால் 800 லிட்டர். ஒரு நல்ல உழவு மழையில் நிரம்பிவிடும். பழைய பீப்பாய் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. எங்கள் பகுதியில் மலிவாகக் கிடைப்பதில் சாயப்பட்டறைகளில் இருந்து வருபவை நிறைய. எவ்வளவு கழுவினாலும் அவை வேண்டாம். சாயக்கழிவு தண்ணியை என்ன செய்யும் என்பதற்கு நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் சாட்சி. உணவுப் பொருள், பழக்கூழ், எண்ணெய் வந்த பீப்பாய் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள்.

நிரம்பிய ஒரு பீப்பாயின் எடை 200 கிலோவுக்கு மேல். தரையை நன்றாகத் திம்சு போட்டு இடித்து, கருங்கல் அடுக்கி ஒன்றரை அடி உயரத்துக்கு மேடை கட்டுங்கள். குடம் வைத்துப் பிடிக்க அந்த உயரம் சரியாக இருக்கும். மேடை மட்டமாக இருக்கிறதா என்று தண்ணி நிரப்பிய டியூபை வைத்துப் பார்க்கலாம். கொத்தனார்கள் செய்வது அதுதான். பீப்பாய்களின் அடிப்பக்கத்தை ஒன்றோடொன்று ஹோஸால் இணைத்தால் எல்லாவற்றிலும் ஒரே மட்டத்தில் தண்ணி நிற்கும். குழாயை அடியிலிருந்து மூன்று அங்குலம் மேலே வையுங்கள். வண்டல் கீழேயே தங்கிவிடும்.

முதல் மழைத் தண்ணியை உள்ளே விடக்கூடாது. கூரையில் இருக்கும் தூசி, பறவை எச்சம், சருகு எல்லாம் அதில்தான் வரும். இறங்கு குழாயில் ஒரு ‘டி’ வைத்து, நேர் கீழே திறந்து மூடும் மூடி போடுங்கள். பக்கவாட்டுக் கிளை பீப்பாய்க்குப் போகும். மழை தொடங்கும்போது மூடி திறந்திருக்கட்டும். தண்ணி தெளிவாக வர ஆரம்பித்ததும் மூடிவிடலாம். எங்கள் வீட்டில் இது பையன் வேலை. மழை வந்தால் படிப்பை விட்டுவிட்டு ஓட அவனுக்கு ஒரு காரணம் கிடைத்தது.

பீப்பாய் வாயை மெல்லிய நைலான் வலையால் கட்டுங்கள். கொசு முட்டையிட ஒரு விரல் இடைவெளி போதும். வெயில் உள்ளே பட்டால் பாசி பிடிக்கும். நிழல் பக்கமாக வையுங்கள் அல்லது பழைய சாக்கைச் சுற்றிவிடுங்கள். குடிப்பதற்கு வடிகட்டிக் காய்ச்சித்தான் எடுக்க வேண்டும். நிரம்பி வழியும் தண்ணிக்கு ஒரு வாய்க்கால் எடுத்துத் தென்னைக்கோ மாவுக்கோ கொண்டுபோய்விடுங்கள்.

மழை இல்லாத மாதங்களில் பீப்பாய் சும்மா நிற்க வேண்டியதில்லை. ஆனால் ஜீவாமிர்தம் கலக்கத் தனிப் பீப்பாய் வைத்துக்கொள்ளுங்கள். சாணம் கரைத்த பீப்பாயில் குடிதண்ணி பிடிக்க முடியாது.

மூன்றாவது வேலை: மேற்குச் சுவர்

புது வீட்டில் பலரும் முதலில் விசாரிப்பது ஏசி விலையைத்தான். அதற்கு முன்னால் சுவரில் வெயில் படாமல் செய்யப் பாருங்கள். மேற்குப் பக்கம் ஒரு பந்தலும் சுண்ணாம்பு அடிப்பதும் இரண்டு வார இறுதி வேலை.

பந்தலுக்கு எங்கள் பக்கம் கல்கால் கிடைக்கும். உங்கள் ஊரில் கல் கிடைக்காவிட்டால் பனஞ்சட்டம், முற்றிய மூங்கில் எதுவும் சரி. எட்டடிக் காலில் இரண்டடி மண்ணுக்குள் போகட்டும். சுவரோடு ஒட்டாமல் இரண்டடி தள்ளி நடுங்கள். காற்று நடுவே புகுந்து போகும், எறும்பும் கரையானும் சுவருக்குத் தாவாது. மேலே ஜிஐ கம்பியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினால் போதும்.

ஆடிப்பட்டத்தில் பீர்க்கன், புடலை, அவரை ஊன்றுங்கள். அவரை மார்கழி, தையில் காய்க்கும். ஆனால் நிழல் அதிகம் தேவைப்படுவது பங்குனி, சித்திரையில். அதற்குக் கோவைக்காய்தான் கைகொடுக்கும். ஒருமுறை தண்டை நட்டுவிட்டால் பல வருஷம் இருக்கும். வேருக்குத் தண்ணி மட்டும் காட்டினால் கோடையிலும் பந்தல் பச்சையாக நிற்கும். காய் கிடைப்பது உபரி லாபம்.

சுவருக்கும் மொட்டைமாடிக்கும் சுண்ணாம்பு. நீற்றும்போது கவனம் வேண்டும். இரும்பு அண்டாவிலோ மண் தொட்டியிலோ முதலில் தண்ணி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்புக்கல். கல் குவியல் மேல் தண்ணி ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் பாத்திரம் சூட்டில் உருகிவிடும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள். கண்ணில் பட்டுவிட்டால் நிறையத் தண்ணியால் விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ராத்திரி முழுக்க ஊறிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, காய்ச்சிய கோந்தும் ஒரு கை உப்பும் சேர்த்தால் சுவரில் பிடித்து நிற்கும். சுவரை நனைத்துவிட்டு, மெல்லிசாக இரண்டு மூன்று தடவை அடியுங்கள். ஏற்கெனவே பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்த சுவரில் சுண்ணாம்பு நிற்காது; புதிதாகப் பூசிய சுவர் என்றால் பெயிண்ட் கடைக்குப் போவதற்கு முன்பே முடிவெடுங்கள்.

நாலாவது வேலை: கிளுவை வேலி

ஒரு ஏக்கர் சதுரமாக இருந்தால் அதன் சுற்றளவு சுமார் 835 அடி. அவ்வளவுக்கும் கல்கால் நட்டுக் கம்பிவலை போட எங்களிடம் சொன்ன விலை ஒரு லட்சத்தைத் தாண்டியது. அந்தப் பணத்துக்கு வாங்கும் வேலி முதல் நாளிலிருந்தே துருப்பிடிக்க ஆரம்பிக்கும்.

காங்கயம் மாடு வளர்ந்ததே கிளுவை வேலிக்குள்தான். கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை என்பதுதான் கொரங்காட்டின் அமைப்பு. மாடு உள்ளே மேயும், ஆள் நின்று காவல் காக்க வேண்டியதில்லை. அந்த வேலியை நட்டவர்கள் யாரும் வலை வாங்கக் கடைக்குப் போகவில்லை.

கோடை மழை விழுந்ததும் பழைய வேலியைக் கழிக்கும் தோட்டக்காரர்களிடம் சொல்லிவைத்தால் போத்து கிடைக்கும். நாலைந்து அடி நீளத்தில் கட்டைவிரலை விடப் பருமனான குச்சிகள் நல்லவை. ஒரு அடி ஆழத்துக்குக் கடப்பாரையால் துளை போட்டு, அடிக்கு ஒன்றாக நட்டு, மண்ணை மிதித்து இறுக்குங்கள். ஒரு வார இறுதிக்கு 100 அடி என்று வைத்தால் உடம்பு தாங்கும். நடுநடுவே கொடுக்காப்புளி, நொச்சி, ஆடாதோடை சேர்த்துக்கொண்டால் வேலியே தழையும் மருந்தும் தரும். பூச்சிவிரட்டிக்கு நொச்சியும் ஆடாதோடையும் தேடி ஊர் சுற்ற வேண்டாம்.

கிளுவைத் தழை ஆட்டுக்குப் பிடிக்கும். அதனால் முதல் இரண்டு வருஷம் வெளிப்பக்கம் முள்ளை வெட்டிப் போட்டுக் காப்பாற்ற வேண்டும். பட்டுப்போன இடங்களில் அடுத்த கோடை மழைக்கு மறுநடவு. உயிர்வேலி பொறுமை கேட்கும், பணம் கேட்காது. எங்களுடையது இப்போது இடுப்பளவு வந்திருக்கிறது. தெற்குப் பக்கம் ஆடு நுழைய முடியாத அளவுக்கு அடைந்துவிட்டது. வடக்குப் பக்கம் இன்னும் சந்து இருக்கிறது.

நாம் தொடக்கூடாதவை

எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்று வீம்பு வேண்டாம். மின்சார வேலை, கிணற்றுக்குள் இறங்குவது, மலக்குழி, கூரை மாற்றுவது, பாரம் தாங்கும் சுவரை உடைப்பது ஆகியவற்றுக்குத் தெரிந்த ஆளைக் கூப்பிட்டு நியாயமான கூலி கொடுங்கள். ஊரில் இருக்கும் கொத்தனாருக்கு நாம் கொடுக்கும் கூலி ஊருக்குள்ளேயே சுற்றும். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் சித்தாளாக நின்றால் கரணை பிடிக்கவும் தூக்குக்குண்டு பார்க்கவும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம்.

ஆள் பலம் இல்லாத குடும்பங்கள் இரண்டு மூன்று சேர்ந்துகொள்ளுங்கள். இந்த ஞாயிறு எங்கள் குழி, அடுத்த ஞாயிறு உங்கள் பந்தல். வேலி நடவுக்கு எங்களுக்கு வந்த மூன்று குடும்பங்களுக்கு நாங்கள் திருப்பிச் செய்த வேலையும் இதே கணக்குதான். மதியச் சாப்பாடு வேலைக்காரர் வீட்டில் என்பதைத் தவிர வேறு பணம் கைமாறவில்லை.

வருஷத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

மாசி, பங்குனியில் வெயில் காய்வதால் சுண்ணாம்பும் பந்தல் காலும். சித்திரை, வைகாசியில் கோடை மழையைப் பார்த்து வேலி. ஆனியில் வாழைக்குழி, கன்று நட்டதும் ஆடிக் காற்றுக்கு ஒரு முட்டுக் கொடுங்கள். ஆடியில் பந்தல் விதை. புரட்டாசிக்குள் பீப்பாயும் கூரைக் குழாயும் தயாராக இருந்தால் ஐப்பசி மழை வீணாகாது. குடி வந்த மாதம் எதுவோ அந்த இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.

நாலு வேலைக்கும் சேர்த்து எங்களுக்குப் பதினைந்தாயிரம் ரூபாய்க்குள்தான் ஆனது. பாதிக்கு மேல் பீப்பாய்க்கும் கல்காலுக்கும் போனது. வலைவேலிக்கு என்று வைத்திருந்த பணத்தில் கிணற்றைத் தூர் வாரினோம், ஒரு ஏக்கருக்கும் சொட்டுநீர்க் குழாய் போட்டோம். போன தையில் சந்தைக்குப் போன காய் அந்தத் தண்ணியில் விளைந்தது. நான் இன்னும் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில்தான் ஊருக்கு வருகிறேன். ஆனால் வேலையை விடும் நாள் இரண்டு வருஷம் முன்னால் நகர்ந்திருக்கிறது என்று மனைவி நோட்டில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

புது வீட்டுக்குப் போகிறவர்கள் ஒப்பந்தக்காரரிடம் அடுத்த தொகையைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலை வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். தண்ணி எங்கே போகிறது, வெயில் எங்கே விழுகிறது, ஆடு எந்த வழியாக வருகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வேலையை முதலில் எடுப்பது என்று அந்தக் குறிப்பிலேயே தெரிந்துவிடும். மண்வெட்டிக்குக் காம்பு போட்டுத் தயாராக வையுங்கள்.